குகைக் காவல்காரியின் உடுப்பு

பூனாவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரில் ஆள் நிற்கும்போதே அந்த ஆளைப் பற்றித் தமிழில் பேசிவிடுவோம். அம்மா காய்கறிக்காரரிடம் மராத்தியில் இனிக்க இனிக்க விலை கேட்பார். உடனே என் பக்கம் திரும்பி, "நேத்து வாடினதுக்குத் தண்ணி தெளிச்சு வெச்சிருக்கறான், வா போலாம்" என்பார். காய்கறிக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தராசைத் துடைப்பார். ஆட்டோவில், ரேஷன் கடை வரிசையில், பக்கத்து வீட்டு சோபாவில் அவர்கள் கொடுத்த போஹாவைத் தின்றுகொண்டே, எங்கும் இதே வேலைதான். யாருக்கும் புரியாது என்கிற தைரியம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சுகம் கிடையாது. எங்களுக்கு அது இலவசமாகக் கிடைத்தது, இஷ்டத்துக்கு அனுபவித்தோம்.

அந்தப் பழக்கத்தால் நான் ஒரு சிநேகிதியை இழந்தேன். ஒருவர் என்னை நம்ப வைத்துக் கழுத்தறுத்தார். கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று பல வருஷம் பார்த்துவிட்டேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் பொள்ளாச்சிப் பக்கம். தாபோடியில் ராணுவ எஞ்சினியரிங் கல்லூரியில் டிராஃப்ட்ஸ்மேன். தொண்ணூறுகளில் எங்கள் குவார்ட்டர்ஸ் முழுக்க வீணாய்ப்போன டிரேசிங் பேப்பர் சுருள்களாகத்தான் கிடக்கும். பாலத்தின் தூண் ஒரு பக்கம், அதன் பின்பக்கம் நான் வரைந்த ராணியின் பாவாடை. மனிதர்களை விட அவர்கள் போட்டிருக்கிற துணி எனக்குப் பிடிக்கும். கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்ணின் முகம் நினைவிருக்காது, கொசுவம் எத்தனை மடிப்பு என்று சொல்வேன். இதை வைத்து ஒரு வேலை கிடைக்கும் என்று வீட்டில் யாரும் நம்பவில்லை. இரண்டாயிரங்களின் நடுவில் கிடைத்தது. பாணேரில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு ஆள் செய்து கொடுக்கிற ஒரு கம்பெனி. வெளிநாட்டிலிருந்து கதை வரும். அதில் வருகிறவர்களின் முகத்தையும் உடுப்பையும் நான் வரைவேன். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று ஒரு தாளில் மூன்று படம். அதைப் பார்த்து மாடலர் என்கிறவர்கள் கம்ப்யூட்டருக்குள் களிமண் பிசைவது மாதிரி ஆளை உருட்டி எடுப்பார்கள். பிறகு அந்த ஆள் நடக்கும், ஓடும், சண்டை போடும்.

எங்கள் குழுவுக்குத் தலைவர் ஒரு கோயமுத்தூர்க்காரர். வாகடில் புதுக் குடியிருப்பில் மனைவி, குழந்தையோடு இருந்தார். முதல் நாள் என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கி, "எந்தூரு அம்மணி?" என்று கேட்டார். அவ்வளவுதான், நான் கவிழ்ந்தேன். பூனாவில் என்னை அம்மணி என்று கூப்பிட அதுவரை அப்பா ஒருத்தர்தான் இருந்தார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்கு எலும்பே ஆடியது. ஒரு வாரத்தில் அவர் எனக்கு அண்ணா ஆகிவிட்டார். அவர் வீட்டிலிருந்து சனிக்கிழமை இட்லி வரும், எங்கள் வீட்டிலிருந்து அரிசிம்பருப்பு சாதம் போகும். மீட்டிங்கில் எல்லோரும் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் நடுவில் தமிழில் இரண்டு வார்த்தை போட்டுச் சிரித்துக்கொள்வோம். "என்ன சதி பண்றீங்க?" என்று பக்கத்தில் இருக்கிறவர்கள் கேட்பார்கள். எங்களுக்குப் பெருமையாக இருக்கும்.

அப்படிக் கேட்கிறவர்களில் முதல் ஆள் என் சிநேகிதி. அவள் எங்கள் குழுவில் மாடலர். அவளும் தாபோடிதான், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். தினமும் காலையில் பாதைக்கு இந்தப் பக்கம் வந்து என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போவாள். ஹாரிஸ் பாலத்து நெரிசலில் அவள் மராத்தியில் லாரிக்காரர்களைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே போனால் ஆபீஸ் வந்துவிடும். வாய் அப்படி, கை அதற்கு நேர்மாறு. அவள் செய்த ஆளின் விரல் நகத்தைப் பார்த்தாலே பொறுமைக்காரி என்று தெரியும். அவளும் நானும் மராத்தியில்தான் பேசுவோம். இங்கே அதைத் தமிழில் எழுதுகிறேன்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி எங்களிடம் மாதிரிப் படம் ஒன்று கேட்டிருந்தது. பழங்காலக் குகை ஒன்றைக் காவல் காக்கிற பெண். அவள் உடுப்பு பிடித்துப்போனால் முழு விளையாட்டையும் எங்களுக்கே தருவார்கள். அண்ணன் அதை என்னிடம் கொடுத்தார். நான் இரண்டு நாள் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த சிநேகிதி, "படத்தப் பார்த்து என்ன வரையப்போறே? ஞாயித்துக்கிழமை பாஜா குகைக்கு வா. பௌர்ணமி. அம்மாவும் அவங்க ஆளுங்களும் போறாங்க" என்றாள்.

லோணாவளா லோக்கல் ரயிலில்தான் அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் வீடு பௌத்த வீடு, தாத்தா காலத்தில் சாதி இழிவை உதறி மதம் மாறியவர்கள். தாபோடியில் அது ஒரு செய்தியே இல்லை, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு புத்தர் படம் இருக்கும். பாணேர் ஆபீஸில் அது செய்தி. இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் அது தெரியவந்த வாரத்திலிருந்து அவள் சாப்பாட்டு டப்பாவில் யாரும் கை வைக்கவில்லையாம். அதுவரை அவளுடைய மீன் குழம்புக்கு அடித்துக்கொண்டவர்கள். ஒருத்தன் சிரித்துக்கொண்டே, கோட்டாவில் வந்தாயா என்று கேட்டிருக்கிறான். தனியார் கம்பெனியில் ஏது கோட்டா? ஆனாலும் கேட்டான். அதனால் இந்த ஆபீஸில் அவள் வாயே திறக்கவில்லை. குடும்பப் பெயரை வைத்தும் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

"இங்க நான் மாடலர். அது மட்டும் போதும் எனக்கு. நீ யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றாள்.

"சத்தியமா சொல்லமாட்டேன்" என்றேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொல்லி முடித்ததில் அவளுக்கு வெட்கமாகவும் நிம்மதியாகவும் இருந்தது என்று நினைக்கிறேன்.

மளவ்லி ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம். அவள் அம்மாவை நான் காக்கு என்று கூப்பிட்டேன். மராத்தியில் சித்தப்பா மனைவிக்கும் பக்கத்து வீட்டம்மாவுக்கும் அந்த ஒரே சொல்தான். காக்குவும் கூட வந்த பத்துப் பன்னிரண்டு பெண்களும் வெள்ளைப் புடவை கட்டி, மேலே பிளாஸ்டிக் மழைக்கோட்டு மாட்டியிருந்தார்கள். படியெல்லாம் தண்ணீர் ஓடியது. நான் பள்ளிக்கூட டூரில் அங்கே போயிருக்கிறேன். உள்ளே நின்று கத்தினால் எதிரொலிக்கும் என்பதைத் தவிர ஒன்றும் நினைவில்லை. இந்த முறை காக்கு செருப்பை வெளியே விட்டதால் நானும் விட்டேன்.

வாசலே பெரிய லாடம் மாதிரி வளைந்து நிற்கிறது. உள்ளே இரண்டு பக்கமும் வரிசையாக எட்டுப்பட்டைத் தூண்கள். அவை நேராக நிற்கவில்லை, எல்லாத் தூணும் தலைப்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கிறது. அண்ணாந்தால் கல் கூரையில் வரிசையாக மர வளைவுகள், கவிழ்த்த படகுக்குள் நிற்பது போல இருக்கும். கடைசியில் தூபி. சிலை கிடையாது, பூவேலை கிடையாது, வெறும் உருண்டைக் கல். பெண்கள் அதைச் சுற்றி வந்து, கை கூப்பி, மெல்லிய குரலில் பாலி மொழியில் சரணம் சொன்னார்கள். வெளியே காலேஜ் பையன்கள் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். காக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், விசில் நின்றது. எனக்கு அந்த இடத்தில் என்ன ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. நான் சாமி கும்பிடுகிற ரகம் இல்லை. ஆனால் மடித்து வைத்திருந்த நோட்டை வெளியே எடுக்கக் கொஞ்ச நேரம் கூச்சமாக இருந்தது.

வெளியே வந்தால் கொஞ்ச தூரத்தில் குட்டியும் பெரியதுமாகத் தூபிகள் கூட்டமாக நின்றன. பதினாலு என்று சிநேகிதி எண்ணிக் காட்டினாள். எனக்கு மூளை வேகமாக ஓடியது. காவல்காரியின் தலையில் இதைக் கிரீடமாக வைத்தால் எப்படி இருக்கும்! பென்சிலால் ஒரு கிறுக்கல் கிறுக்கி, காக்குவிடம் காட்டி, "இப்படிப் போடலாமா?" என்று கேட்டேன்.

அவர் நோட்டை வாங்கி நன்றாகப் பார்த்தார். கோபப்படவில்லை. "அழகா இருக்கு பேட்டா. ஆனா அது தலைல வெக்கிற சாமான் இல்ல. இங்க இருந்த பிக்குங்க போய்ச் சேந்தப்புறம் அவங்களுக்காக வெச்சது. அதுக்குள்ள ஆளு இருக்காங்கன்னு நெனச்சுக்கோ. தூண வரை, வாசல வரை, என்ன வேணும்னாலும் வரை. இத மட்டும் யார் ஒடம்புலயும் மாட்டாதே."

"மாட்டமாட்டேன் காக்கு" என்றேன். அந்தத் தாளை அங்கேயே கிழித்தேன்.

அதற்கப்புறம் மூன்று வாரம் நான் வேலை செய்த மாதிரி வாழ்க்கையில் எப்போதும் செய்ததில்லை. குகை வாசலின் வளைவைக் கழுத்துப் பட்டையாக்கினேன், தலைக்குப் பின்னால் எழுந்து நிற்கும். சாய்ந்த தூண்களைக் கொசுவமாக்கினேன், கீழே அகன்று, மேலே போகப்போக உள்ளே ஒடுங்கும் மடிப்புகள். துணிக்கு அந்த மலையின் கறுப்பு, ஓரத்தில் மட்டும் பாசிப் பச்சை. கூரையின் மர வளைவுகளை முதுகுப் போர்வைக்கு விலாவாக வைத்தேன். சிநேகிதி அதைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாள்.

"இதெல்லாம் தோளோட ஒட்டினா, அவ கையத் தூக்கினவுடனே மரம் ஒடம்புக்குள்ள குத்திக்கிட்டுப் போகும். என் உயிர வாங்காதே."

"அப்போ என்ன செய்யறது?"

"தோள விடு. இடுப்புல ஒரு பட்டை போட்டு, அதிலேர்ந்து மேல தூக்கு. தானா நிக்கும்."

அப்படியே மாற்றினேன். படம் பத்து மடங்கு நன்றாக ஆனது. போர்வை உடம்பைத் தொடாமல் நின்றது, உள்ளே அவள் ஒரு குகைக்குள் நிற்பது போலவே இருந்தாள். தூபி எங்கேயும் இல்லை. அது அவள் காவல் காக்கிற பொருள். காவல்காரி அதைப் போட்டுக்கொண்டு திரிவாளா? யோசிக்க யோசிக்க, காக்கு சொன்னதுதான் டிசைனாகவும் சரி என்று பட்டது.

அண்ணனுக்கு அது சரியாகப் படவில்லை. ஆபீஸ் வாசலில் ஒரு டீக்கடை உண்டு. மழை பெய்த ஒரு நாள் சாயங்காலம் அங்கே நாங்கள் மூன்று பேரும் நின்றிருந்தோம், அண்ணன், நான், சிநேகிதி. அண்ணன் தமிழில் ஆரம்பித்தார்.

"தூபியில்லாம என்னம்மணி புத்தர் குகை? அதானே மெயினு? தலைல ஒண்ணு வெய்யி, அம்சமா இருக்கும்."

"வேண்டாம்ங்ணா."

"ஏன்?"

"ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

"வாக்கா? யாருக்கு? டிசைனு பண்றவ நீயா அவங்களா?"

அவர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. வாதத்தில் ஜெயிக்க வேண்டும் எனக்கு, அதுதான் என் பிறவிக் குணம். சொன்னேன். குகைக்குப் போனதை, வெள்ளைப் புடவைகளை, காக்கு சொன்னதை. யார் அப்படிச் சொன்னது என்று கேட்டார். அதையும் சொன்னேன். இவளுடைய அம்மா, இவர்கள் வீடு பௌத்த வீடு, இவள் அதை ஆபீஸில் மறைத்து வைத்திருக்கிறாள், பழைய ஆபீஸில் இப்படியெல்லாம் ஆயிற்று, எல்லாவற்றையும். காக்கு, பௌத்தம் மாதிரி அவளுக்குப் புரிகிற சொல் எதையும் வாயில் விடவில்லை. பேர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அவள் இரண்டடி தள்ளி டீ குடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் கண்ணால்கூட அவள் பக்கம் காட்டவில்லை. அவ்வளவு ஜாக்கிரதையாம் எனக்கு.

"இது நமக்குள்ள இருக்கட்டும்ங்ணா" என்றேன்.

"அட, என்ற வாயிலிருந்து போகுமா? நாம பேசறது எப்பவும் நமக்குள்ளதானே" என்றார்.

தமிழில் சொன்னது வீட்டுக்குள் சொன்னது மாதிரி என்றுதான் நான் வளர்ந்திருந்தேன். அப்பாவிடம் சொன்னால் எப்படி வெளியே போகாதோ, அப்படி. அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. சிநேகிதி காலி கிளாஸை வைத்துவிட்டு, "என்ன இவ்ளோ நேரம்?" என்று கேட்டாள்.

"கொசுவத்தைப் பத்தி" என்றேன்.

பத்து நாள் கழித்து அந்த வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் நேரிலேயே வந்தார்கள், ஒரு அம்மாள், ஒரு இளைஞர். பெரிய அறையில் எங்கள் முதலாளி, அண்ணன், குழுவில் எல்லோரும். சிநேகிதி எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் எழுந்து பேச, சுவரில் படம் விழுந்தது.

முகம் நான் வரைந்த முகம். கழுத்து வளைவு இருந்தது. முதுகில் மர விலாக்கள் அப்படியே இருந்தன. துணியைத்தான் காணோம். சாய்ந்த கொசுவமெல்லாம் போய், இடுப்பில் ஒரு சாண் அகலத்துக்கு ஏதோ தொங்கியது. மார்பில் கவசமாக இரண்டு தூபிகள். பித்தளை நிறத்தில், அச்சு அசலாக, மேலே அடுக்குக் குடையோடு. கீழ் மூலையில், வடிவமைத்தவர் என்று போட்டு, என் பெயர்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, புன்னகை மாறாமல், எல்லோருக்கும் கேட்கிற குரலிலேயே தமிழில் சொன்னார்: "அம்மணி, மூஞ்சிய அப்படி வெக்காத. இப்பத்திக்குத் தலைய மட்டும் ஆட்டு. மத்ததெல்லாம் அப்புறமேட்டுப் பேசிக்கலாம்."

தலையை ஆட்டினேன். ஏன் என்று கேட்காதீர்கள். அந்தக் குரலில், அந்தப் பேச்சில் யாராவது சொன்னால் ஆட்டித்தான் பழக்கம். எதிரில் இருந்தவர்கள் பார்த்தது என்ன? இரண்டு தமிழர்கள் ஏதோ பேசிக்கொண்டார்கள், வரைந்தவள் சரி என்றாள். சிநேகிதியும் அதைத்தான் பார்த்தாள்.

வெளிநாட்டு அம்மாள் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். இது வழிபாட்டு இடத்துப் பொருள் இல்லையா, இதை இப்படிப் போட்டால் அந்த மதத்துக்காரர்கள் மனது புண்படாதா என்று கேட்டார். அந்த அறையில் அதைக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான். எனக்கு உயிர் வந்தது. அண்ணன் மாட்டிக்கொண்டார், படம் போயிற்று என்று நினைத்தேன்.

அண்ணன் அசரவே இல்லை. நல்ல இங்கிலீஷில் சொன்னார்: கவலைப்படாதீர்கள், எங்கள் குழுவிலேயே ஒரு பௌத்தப் பெண் இருக்கிறார், அந்தக் குகைக்கு வழிபடப் போகிற குடும்பம், அவர் அம்மாவே கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார், எல்லாம் அவர்கள் யோசனைப்படிதான். சொல்லிவிட்டுக் கையை நீட்டி அவளைக் காட்டினார்.

எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. வேலிதான் பயிரைக் காக்கிறது என்று நான் நம்பியிருந்தேன், அது பயிரை மேய்ந்துவிட்டு ஏப்பமும் விட்டது. தமிழில் அவர் காதில் நான் போட்ட ஒவ்வொரு சொல்லும் அந்த மேஜை மேல் இங்கிலீஷில் கிடந்தது. சிநேகிதி அண்ணனைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இதில் சம்மதம்தானே?" என்று அந்த அம்மாள் அவளைக் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். முதலாளி நாற்காலியில் முன்னால் நகர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இட்ஸ் ஓகே" என்றாள் அவள்.

அப்போதாவது நான் எழுந்து, இது என் படம் இல்லை என்று கத்தியிருக்க வேண்டும். காய்கறிக்காரரிடமிருந்து பஸ் கண்டக்டர் வரை சண்டை போடுகிற வாய் எனக்கு. அன்றைக்கு அது திறக்கவில்லை. திறந்தால் அவளுக்கு இன்னும் கேடாகும் என்று நினைத்தேன் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். எனக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் அண்ணன் மேஜைக்குப் போனேன். "ஏன்ங்ணா இப்படிப் பண்ணீங்க? என்னை நம்பித்தானே அவ சொன்னா? உங்கள நம்பித்தானே நான் சொன்னேன்?"

"என்ன பண்ணீட்டேன் இப்போ? ப்ராஜெக்டு வந்திருச்சுல்ல? உன்ற பேரத்தானே போட்டேன், என்ற பேரையா போட்டுக்கிட்டேன்? மத்தவனா இருந்தா திருடியிருப்பான். ஒரு நன்றிகூட இல்ல."

"என் படத்தைத் திருடியிருந்தா பரவாயில்லைங்ணா" என்றேன். அழுதுவிட்டேன். அக்கம்பக்கத்தில் தலைகள் திரும்பின. அண்ணன் சட்டென்று நாற்காலியில் நிமிர்ந்து, இங்கிலீஷுக்கு மாறினார். ஆட்சேபம் இருந்தால் மெயிலில் எழுதி அனுப்பச் சொன்னார். அன்றிலிருந்து அந்த மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை.

வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். சிநேகிதி ஸ்கூட்டியில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தாள், எனக்காகக் காத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கொட்டித் தீர்த்தேன். நான் வரையவில்லை, சத்தியமாக வரையவில்லை, எனக்குத் தெரியாமல் மாற்றி என் பெயரைப் போட்டு ஏமாற்றிவிட்டார், தலையாட்டச் சொன்னதால் ஆட்டினேன், அண்ணா அண்ணா என்று சுற்றினதற்கு எனக்கு இது வேண்டும். மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னேன்.

"தெரியும். உன் கோடு எனக்குத் தெரியாதா? பார்த்த உடனே தெரிஞ்சது, நீ போடலன்னு."

அவள் குரல் சாதாரணமாக இருந்தது. ஏறிக்கொள் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எங்க வீட்டைப் பத்தி அவருக்கு யார் சொன்னாங்க?"

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அவள் விடவில்லை. "எப்போ சொன்னே?"

"டீக்கடையில. அந்த மழை நாள்ல." அப்புறம், உலகத்திலேயே அசட்டுத்தனமான ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். "தமிழ்லதான் சொன்னேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். நாளை எண்ணிப் பார்க்கிற மாதிரி.

"நான் அங்கதானே நின்னுட்டிருந்தேன்" என்றாள்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் ஔந்த் வரை நடந்து பஸ் பிடித்தேன்.

அந்தக் காவல்காரியை உருட்டி எடுக்கிற வேலை அவளுக்குத்தான் வந்தது. ஆறு வாரம். அந்த இரண்டு தூபிகளையும் அவள்தான் செய்தாள், முகம் மாறாமல், அளவு பிசகாமல். ஆபீஸில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லோரும் படித்தவர்கள். மத்தியானச் சாப்பாட்டு மேஜையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாக இருக்க ஆரம்பித்தது. ஒரு நாள் நான் போய் அதில் உட்கார்ந்தேன். அவள் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். காரியம் முடிந்த மறுநாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். அண்ணன் எல்லோருக்கும் கேக் வெட்டினார். நான் இன்னும் எட்டு மாதம் அங்கேயே வேலை பார்த்தேன். இதையும் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

அவள் போன பிறகு ஒரு காலை, தாபோடி ஸ்டேஷனில் காக்குவைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ள இடம் தேடினேன், அதற்குள் பார்த்துவிட்டார். கையில் காய்கறிப் பையோடு நேராக வந்து என் தாடையைப் பிடித்தார்.

"எவ்ளோ இளைச்சுட்டே! வீட்டுப் பக்கமே வர்றதில்ல?"

"வேலை காக்கு."

"உன் பொம்மைய அவங்க வேண்டாம்னுட்டாங்களாமே. பொண்ணு சொன்னா. நீ ரொம்ப அழுதியாம். அவளுக்கு மனசே சரியில்ல, ரெண்டு நாள் சாப்பிடல. அதனாலதான் அந்த வேலையையே விட்டாளோ என்னமோ, எங்கிட்ட எங்க சொல்றா?"

அவள் அம்மாவிடம் நிஜத்தைச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்ற அல்ல, அது எனக்குத் தெரியும். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு மழையில் படியேறுகிற அம்மாவுக்கு அந்தப் படத்தைப் பற்றி எப்படிச் சொல்வாள்?

காக்கு என் தலையைத் தடவினார். "போகட்டும் விடு. நீ எவ்ளோ மரியாதையா கேட்டுக் கேட்டு வரைஞ்சே. எனக்கு அது போதும். அழாதே."

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ரயில் வர இன்னும் நேரம் இருந்தது.

"சரி காக்கு" என்றேன்.